யூதாவின் செங்கோலும் 'சீலோ' என்ற ஒரு சொல்லும்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மாணவர் மூவர் தத்தம் வீட்டிலிருந்து கொண்டு வந்த விவிலியங்களை அருகருகே வைத்துப் படித்துக் கொண்டிருந்தனர். ஆதியாகமம் 49ஆம் அதிகாரம், 10ஆம் வசனத்திற்கு வந்ததும் மூவரும் நின்றுவிட்டனர். ஒருவன் கையிலிருந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சமாதான கர்த்தர்' வருவார் என்றிருந்தது. இன்னொருத்தியின் கையில் 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இருந்தது. அதில் அரசுரிமைக்கு உரியவர் வருவார் என்னும் பொருள் காணப்பட்டது. மூன்றாமவனிடம் இருந்ததோ பழைய ஆங்கில விவிலியம். "ஐயா, என் புத்தகத்தில் சீலோ என்று ஒரு பெயர்தான் இருக்கிறது. இவற்றில் எது சரி?" என்று கேட்டான்.

அன்று நேரம் போதாமையால் சுருக்கமாக ஏதோ ஒரு விடை கூறி அனுப்பிவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கேள்வி சிறியதே. ஆயினும் அதன் பின்னால் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உள்ளது. அவ்வரலாற்றில் நம்பிக்கையும் உண்டு. நாம் வெட்கப்பட வேண்டிய பக்கங்களும் உண்டு. பிள்ளைகளுக்கு மறைநூலைக் கற்பிப்போர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முற்பிதாக்களும் வாக்குறுதியும்

எபிரேய மக்கள் தம் குலத்தின் முதல்வர்களாகப் போற்றுவோர் மூவர்: ஆபிரகாம், அவர் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு. இம்மூவரைப் பற்றி விவிலியத்திற்கு வெளியே சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆதலால் அவர்கள் வாழ்ந்த காலத்தை வரையறுப்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவர்களைப் பற்றிய நினைவே இஸ்ரயேல் என்னும் ஓர் இனத்தை உருவாக்கியது என்பதில் ஐயமில்லை.

அந்நினைவின் நடுவில் நிற்பது ஒரு வாக்குறுதி. ஆபிரகாம் தம் நாட்டையும் இனத்தையும் விட்டுப் புறப்பட்டபோது, அவர் வழியாகப் பூமியின் குடும்பங்கள் எல்லாம் ஆசி பெறும் என்று இறைவன் கூறியதாக ஆதியாகமம் 12ஆம் அதிகாரம் உரைக்கிறது. அவ்வாக்குறுதி தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. அது கைமாறும் விதம் வியப்புக்குரியது. பண்டைக்கால வழக்கப்படி மூத்த மகனுக்கே முதலிடம் உண்டு. ஆதியாகமத்திலோ இஸ்மவேல் இருக்க ஈசாக்கும், ஏசா இருக்க யாக்கோபும், மனாசே இருக்க எப்பிராயீமும் முன்னிறுத்தப்படுகின்றனர். பிறப்பின் வரிசை அங்கே இறுதி முடிவன்று.

யாக்கோபுக்குப் பன்னிரண்டு ஆண்மக்கள். எகிப்து நாட்டில் 17 ஆண்டுகள் வாழ்ந்து, 147ஆம் வயதில் மரணப்படுக்கையில் கிடந்த அம்முதியவர் தம் மக்களை அழைத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் வருங்காலத்தைக் கூறினார். ஆதியாகமம் 49ஆம் அதிகாரம் அவ்வாசியுரையைச் செய்யுள் வடிவில் தருகிறது. நான்காம் மகனான யூதாவைப் பற்றிய பகுதியிலேதான் செங்கோல் பற்றிய வசனம் வருகிறது. செங்கோல் யூதாவை விட்டு நீங்காது. 'சீலோ' வரும் வரையில் அது நிலைக்கும். மக்களினங்கள் அவருக்குப் பணியும் என்பதே அதன் சாரம்.

செங்கோல் யூதாவுக்கு ஏன்?

மூத்தவனாகிய ரூபன் தந்தையின் மறுமனையாட்டியோடு தவறிழைத்தவன். அடுத்தவர்களாகிய சிமியோனும் லேவியும் சீகேம் நகரத்து ஆடவரை வஞ்சகமாக வெட்டி வீழ்த்தியவர்கள். மூவரும் விலக்கப்பட்டதால் வரிசைப்படி நான்காம் மகனுக்கு உரிமை வந்தது என்று மேலோட்டமாகக் கூறிவிடலாம். ஆனால் யூதாவின் கைகள் மட்டும் தூய்மையானவையா? யோசேப்பைக் கொல்லாமல் இஸ்மவேலரிடம் விற்றுவிடலாம் என்று யோசனை கூறியவன் யூதாவே. இருபது வெள்ளிக்காசுக்குத் தம்பி விற்கப்பட்டான்.

அடுத்து வரும் 38ஆம் அதிகாரம் பல வகுப்பறைகளில் பேசாமல் கடந்து செல்லப்படும் அதிகாரமாகும். யூதா, கைம்பெண்ணாகிய தன் மருமகள் தாமாருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யாது தட்டிக் கழித்தான். பின்னர், முக்காடிட்டிருந்த அவளை இன்னாரென்று அறியாமலே அவளிடம் சென்றான். அவள் கேட்டபடி தன் முத்திரை, அதன் கயிறு, கைக்கோல் ஆகிய மூன்றையும் அடைமானமாகக் கொடுத்தான். அவள் கருவுற்றது தெரிந்ததும் எரித்துக் கொல்லுமாறு ஆணையிட்டான். அவளோ அம்மூன்று பொருள்களையும் அனுப்பி, இவை யாருடையவை என்று கேட்டாள். அவள் தன்னைக் காட்டிலும் நீதியுள்ளவள் என்று யூதா எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டான். தன் தவற்றை வாய்விட்டு ஏற்றுக்கொண்ட இவ்விடமே அவன் வாழ்க்கையின் திருப்பம் எனலாம்.

ஆண்டுகள் பல கடந்தன. பஞ்சம் வந்தது. எகிப்தில் தானியம் பெற வேண்டுமாயின் இளையவனாகிய பென்யமீனையும் அழைத்துச் செல்ல வேண்டும். யாக்கோபு மறுத்தார். அப்போது ரூபன், பென்யமீனைத் திருப்பிக் கொண்டு வராவிட்டால் என் இரு மக்களையும் கொன்றுவிடும் என்றான். தன் பேரப்பிள்ளைகளைக் கொல்வதால் எந்தத் தாத்தாவின் துயரம் தணியும்? யாக்கோபு அதனை ஏற்கவில்லை. பின்னர் யூதா பேசினான். அவன் பிறர் எவரையும் பணயம் வைக்கவில்லை. நானே பிணை என்றான். தந்தை இசைந்தார்.

சொன்னதை அவன் செய்தும் காட்டினான். எகிப்தில் பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கோப்பை கண்டெடுக்கப்பட்டு, அவன் அடிமையாக வேண்டிய நிலை வந்தபோது, யூதா முன்வந்து, தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு மன்றாடினான். ஒரு தம்பியை விற்றவன் மற்றொரு தம்பிக்காகத் தன்னையே விற்க முன்வந்தான். அச்சொற்களைக் கேட்ட பின்னரே யோசேப்பு அழுது தன்னை வெளிப்படுத்தினான்.

எபிரேய மொழியில், தாமாரிடம் கொடுத்த அடைமானத்தைக் குறிக்கும் சொல்லும், பென்யமீனுக்காகப் பிணை நின்றதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. முதலில் பொருளை அடகு வைத்தவன், பின்னர் தன்னையே அடகு வைத்தான். கைக்கோலை இழந்து நாணி நின்றவனுக்கே தந்தை செங்கோலை வழங்கினார். மூத்தவனுக்குரிய பங்கு யோசேப்பின் மக்களுக்குச் சென்றது என்றும், ஆளுகை யூதாவின் வழியில் வந்தது என்றும் முதலாம் நாளாகமம் 5ஆம் அதிகாரம் தெளிவுபடுத்துகிறது.

செங்கோலின் வரலாறு

ஏறத்தாழ கி.மு. 1000ஆம் ஆண்டளவில் யூதா குலத்தைச் சேர்ந்த தாவீது அரசரானார். யாக்கோபின் ஆசியுரை அக்கால அரசாட்சியை மனத்தில் கொண்டு வடிவம் பெற்றது என்று கருதும் ஆய்வாளர் உளர். அதற்கும் முந்தைய பழஞ்செய்யுள் என்று கொள்வோரும் உளர். தாவீதின் மகன் சாலொமோனுக்குப் பின், ஏறத்தாழ கி.மு. 930இல் அரசு இரண்டாகப் பிளந்தது. வட அரசு கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. தென்னரசாகிய யூதா கி.மு. 586 அளவில் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. கடைசி அரசன் சிதேக்கியா கண்கள் பிடுங்கப்பட்டுச் சிறைப்பட்டான்.

நாடு கடத்தப்பட்டோர் திரும்பி வந்தபின் தாவீதின் வழிவந்த செருபாபேல் ஆளுநராக இருந்தார், ஆனால் அரசராகவில்லை. பின்னர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கரை எதிர்த்துப் போராடி நாட்டை மீட்ட அஸ்மோனியர், யூதா குலத்தார் அல்லர். லேவி குலத்துக் குருக்கள். அவர்களுக்குப் பின் கி.மு. 40இல் உரோமை ஆட்சிமன்றத்தால் அரசனென அறிவிக்கப்பட்ட ஏரோது, இதுமேய வழிவந்தவன்.

ஆகவே, மண்ணில் செங்கோல் இல்லை. மறைநூலிலோ அது நீங்காது என்னும் வாக்கு இருந்தது. இம்முரண்பாட்டை மக்கள் எவ்வாறு தாங்கினர்? வரவிருக்கும் ஒருவரை எதிர்நோக்கித் தாங்கினர். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் பகுதியில் 1952இல் கண்டறியப்பட்ட நான்காம் குகையில் கிடைத்த ஆதியாகம விளக்கச் சுவடி ஒன்று இதற்குச் சான்று. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய அச்சுவடி, இவ்வசனத்தில் வருபவரை நீதியின் மேசியா என்றும் தாவீதின் தளிர் என்றும் விளக்குகிறது. ஆக, இவ்வசனத்தில் மேசியாவைக் காணும் வழக்கம் கிறித்தவர்கள் தோற்றுவித்தது அன்று. யூத மக்களிடமிருந்தே நாம் அதனைப் பெற்றோம்.

ஒரு சொல், பல பொருள்

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். பழைய எபிரேய எழுத்தில் மெய்யெழுத்துகளே பெரும்பாலும் எழுதப்பட்டன. உயிர்க்குறியீடுகள் கி.பி. முதலாம் ஆயிரத்தின் பிற்பகுதியில்தான் சேர்க்கப்பட்டன. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதியதால் பாடவேறுபாடுகள் தோன்றியதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். இங்கும் அத்தகைய நிலையே. நான்கு எழுத்துகள் கொண்ட இச்சொல்லைப் பலவாறு படிக்கலாம்.

சீலோ என்பது எப்பிராயீம் மலைநாட்டில் இருந்த ஓர் ஊர். எருசலேம் ஆலயம் எழுமுன் இறைவனின் கூடாரம் அங்கே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ரஷ்பம் இவ்வூரையே பொருளாகக் கொண்டார். 'அவனுக்கு உரியது' என்று படிப்பாரும் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, அவனுக்கென வைக்கப்பட்டவை வரும் வரை என்று இவ்வழியே சென்றது. யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பாகிய ஒன்கெலோசு, அரசு எவருக்கு உரியதோ அந்த மேசியா வரும் வரை என்று வெளிப்படையாகவே கூறியது. 1995ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பும் இவ்வழியைச் சார்ந்ததே. 'அவனுக்குக் காணிக்கை' என்று பிரித்துப் படிப்போரும் உளர். புனித எரோணிமுசு தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அனுப்பப்பட வேண்டியவர் என்று எழுதினார். பாபிலோனியத் தல்மூதில் சில யூத அறிஞர் சீலோ என்பதையே மேசியாவின் பெயராகக் கொண்டனர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் அதனைப் பெயராகவே விட்டுவிட்டது. அமைதி, இளைப்பாறுதல் என்னும் பொருள் தரும் வேரோடு இச்சொல்லை இணைப்போரும் உண்டு. நம் பழைய தமிழ் விவிலியத்தின் 'சமாதான கர்த்தர்' அவ்விளக்கத்தைத் தழுவியதாகக் கொள்ளலாம்.

மூன்று மாணவர்களின் புத்தகங்களும் பொய் கூறவில்லை. ஒவ்வொன்றும் கடினமான ஒரு சொல்லின் முன் நின்று நேர்மையாக எடுத்த முடிவாகும்.

சொல் ஆயுதமானபோது

இத்தகைய ஐயத்திற்கிடமான சொல்லை அசைக்க முடியாத சான்றாக்க முயன்றபோதுதான் துன்பம் விளைந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தீனும், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசேபியுவும், இயேசுவின் வருகையோடு யூதரின் ஆட்சி முடிந்தது. ஆகவே இவ்வாக்கு நிறைவேறியது என்று வாதிட்டனர். அந்நிய வழிவந்த ஏரோது அரியணை ஏறியதை யூசேபியு சிறப்பாகச் சுட்டினார். ஆயினும் தாவீதின் அரசு ஏரோதுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே வீழ்ந்துவிட்டது. இடையில் ஆண்டவர்களோ லேவி குலத்தார். வரலாற்றை உற்று நோக்கினால் அவ்வாதம் அத்துணை எளிதாக நிற்பதில்லை.

1263ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அரகோன் மன்னர் முதலாம் யாக்கோபு முன்னிலையில் பார்சலோனாவில் பெரும் வாதம் ஒன்று நடைபெற்றது. யூத மதத்திலிருந்து கிறித்தவத்திற்கு மாறிய தொமினிக்கன் துறவி பவுலோ கிறித்தியானி ஒருபுறம். கெரோனா நகரத்து யூத அறிஞர் மோசே பென் நாக்மான் மறுபுறம். நாக்மானிடெஸ் என்று அறியப்படும் அவர், அச்சமின்றிப் பேச உரிமை வேண்டும் என்று முதலிலேயே மன்னரிடம் கேட்டுப் பெற்றார்.

யூதரிடம் இன்று செங்கோல் இல்லை. ஆகவே சீலோவாகிய மேசியா வந்துவிட்டார் என்று துறவி வாதிட்டார். செங்கோல் ஒருபோதும் இடைமுறியாது என்பதன்று பொருள். இஸ்ரயேலில் அரசு என்று ஒன்று இருக்குமாயின் அது யூதாவுக்கே உரியது என்பதே பொருள் என்று நாக்மானிடெஸ் விடையளித்தார். பாபிலோனியச் சிறையிருப்பின்போதும் அரசு இல்லையே என்று எடுத்துக்காட்டினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீலோ மேசியாவைக் குறிக்கிறது என்பதை நாக்மானிடெஸும் ஏற்றவர்தாம். அவர் வந்துவிட்டாரா, இனி வருவாரா என்பதே கேள்வி.

வாதம் முடிந்தபின் மன்னர் அவரை மதித்து 300 பொற்காசு வழங்கியதாக அவரே எழுதியுள்ளார். ஆனால் அவ்வாதத்தை நூலாக எழுதியதற்காக அவர் மீது பின்னர்க் குற்றம் சாட்டப்பட்டது. எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறி, 1267இல் எருசலேமை அடைந்தார். ஸ்பெயினின் யூதர்கள் அனைவரும் 1492இல் மதம் மாறவோ நாட்டை விட்டு நீங்கவோ கட்டளை பெற்றனர். செங்கோல் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சுட்டியவர்களின் கையிலேயே அப்போது செங்கோல் இருந்தது. யூத இனத்தார் அனைவர் மீதும் பழி சுமத்துவது தவறு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது 1965ஆம் ஆண்டில்தான்.

நாம் எவ்வாறு படிப்பது?

அப்படியானால் கிறித்தவர்களாகிய நாம் இவ்வசனத்தில் இயேசுவைக் காண்பது தவறா? இல்லை என்பதே என் பணிவான கருத்து. ஆனால் 'சீலோ' என்ற ஒரு சொல்லின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் எவரும் செங்கோல் பற்றிய அவ்வசனத்தை நேரடியாக மேற்கோள் காட்டி வாதிடவில்லை. அவர்கள் வேறொன்றைச் செய்தனர். யூதாவின் கதையை நினைவில் வைத்திருந்தனர்.

மத்தேயு இயேசுவின் தலைமுறை வரிசையை எழுதும்போது யூதா, பேரேஸ் ஆகிய பெயர்களோடு தாமாரின் பெயரையும் சேர்த்தே எழுதினார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. எபிரேயர் நிருபம் 7ஆம் அதிகாரம், நம் ஆண்டவர் யூதாவின் குலத்தில் தோன்றினார் என்று கூறிவிட்டு, அதே அதிகாரத்தில் அவரை மேலான உடன்படிக்கையின் பிணையாளி என்று அழைக்கிறது. தம்பிக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நின்ற காட்சி கிறித்தவ வாசகருக்கு உடனே நினைவில் எழும். வெளிப்படுத்தின விசேஷம் 5ஆம் அதிகாரத்திலோ, யூதா குலத்துச் சிங்கம் என்ற அறிவிப்பைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் யோவான், அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்றைக் காண்கிறார். பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதே அச்செங்கோலின் இயல்பு என்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த காட்சி உண்டோ?

இது நீதிமன்றத்தில் எதிராளியை மடக்கும் சான்று அன்று. இயேசுவை அறிந்தபின் பழைய பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது நம் கண்களுக்குப் புலப்படும் ஒளி. யூத நண்பர் அதே பக்கத்தை வேறு விதமாகப் படிப்பதால் அவ்வொளி குன்றிவிடாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மொழிபெயர்ப்புகள் மாறுபடும் இடங்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள். இன்று நாம் மறைப்பதை நாளை அவர்கள் வேறிடத்தில் அறிந்துகொள்வார்கள். அப்போது நாம் கற்பித்த மற்றவற்றையும் ஐயுறுவார்கள். 38ஆம் அதிகாரத்தையும் வயதுக்கேற்ற முறையில் கூறுங்கள். தவறு செய்த பிள்ளை, யூதாவைப் போல ஒப்புக்கொண்டு மீள முடியும் என்று அறிய வேண்டுமன்றோ? பிள்ளைகளைப் பணயம் வைத்த ரூபனுக்கும், தன்னையே பணயம் வைத்த யூதாவுக்கும் உள்ள வேறுபாடு, பெற்றோராகிய நமக்கும் ஒரு பாடமே.

அடுத்த ஞாயிறு அம்மூன்று மாணவர்களையும் மீண்டும் அழைத்து உட்கார வைக்கப் போகிறேன். மூன்று புத்தகங்களையும் திறந்தே வைப்போம். அந்தச் சொல்லுக்கு அறிஞர்கள் இன்னும் பொருள் தேடுகின்றனர் என்று ஒளிவின்றிச் சொல்வேன். பின்னர், தன் கைக்கோலை அடைமானமாக இழந்த ஒருவனிடம் செங்கோல் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.